இடைவேளையில் மட்டும் அறுந்த இணைப்பு: சி.டி.என். வழியாக வெப்சாக்கெட்

எங்கள் ஊர் மின்னொளி கபடிப் போட்டிக்காக எழுதிய நேரடி ஸ்கோர் பக்கம் ஒருவழியாக சி.டி.என்.-க்குப் பின்னால் நிலையாக ஓடுகிறது. (சி.டி.என். என்பது படங்கள் போன்றவற்றை நகலெடுத்து வைத்து, நம் சர்வருக்கு முன்னால் நின்று பார்ப்பவர்களுக்குக் கொடுக்கும் சர்வர்களின் வலை.) ஸ்கோர் வெப்சாக்கெட் வழியாகப் போகிறது, அதாவது பிரவுசருக்கும் சர்வருக்கும் நடுவே திறந்தே இருந்து இரண்டு பக்கமும் செய்தி கடத்தும் ஒரு இணைப்பு வழியாக. சி.டி.என். இல்லாதபோது அதில் ஒரு தொந்தரவும் இல்லை, நடுவில் சி.டி.என்.-ஐ நுழைத்த பிறகுதான் ஒவ்வொன்றாகக் கழன்றது. எது எங்கே கழன்றது, எதைத் திருகியதும் சரியானது என்று வரிசையாக எழுதி வைக்கிறேன். வெப்சாக்கெட் பாடம் இதில் கிடையாது. அதற்கு 2011-இல் வந்த ஆர்.எஃப்.சி. 6455 என்ற இணையத் தர ஆவணம் இருக்கிறது, பயப்படாமல் படிக்கலாம்.

முதலில் என்னிடம் இருந்தவை. மைதான ஓரத்தில் ஸ்கோர் எழுதுபவர் கையில் ஒரு ஆண்ட்ராய்டு டேப்லெட். ஒவ்வொரு ரெய்டு முடிந்ததும் டச், போனஸ், டேக்கிள், லோனா என்று ஒரு பொத்தானை அழுத்துவார். அது சர்வருக்குப் போய், அங்கிருந்து பார்க்கிற எல்லோருடைய போனுக்கும் போகும். பார்ப்பவர்கள் பக்கத்தில் ஒரு கைதட்டல் பொத்தானும் உண்டு. அதன் எண்ணிக்கை மைதானத் திரையில் ஏறும். ஆக, இரண்டு பக்கமும் தகவல் போக வேண்டும். சர்வர் என்பது 1 ஜி.பி. ராம், ஒற்றை கோர் கொண்ட ஒரு வி.பி.எஸ். (வாடகைக்கு எடுத்த மெய்நிகர் கணினி); மாதம் 500 ரூபாய்க்குப் பக்கத்தில் ஆகிறது. அதில் உபுண்டு, முன்னால் கோரிக்கைகளை வாங்கி உள்ளே அனுப்பும் என்ஜின்எக்ஸ், பின்னால் என் நிரலை ஓட்டும் நோட்ஜேஎஸ், அதில் வெப்சாக்கெட்டைக் கையாளும் டபிள்யூ.எஸ். என்ற சின்ன லைப்ரரி.

மூன்று விநாடிக்கு ஒருமுறை பக்கமே போய் ஸ்கோரைக் கேட்டு வரலாமே என்று சிலர் கேட்டார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தேன். 40 நிமிட ஆட்டத்துக்கு ஒரு போன் 800 தடவை கேட்கும்; 400 பேர் பார்த்தால் 3,20,000 கோரிக்கைகள். அதில் பெரும்பாலானவற்றுக்குப் பதில் "மாற்றம் இல்லை" என்பதுதான். வெப்சாக்கெட்டில் ஒரு ரெய்டுக்கு ஒரு செய்தி. என் செய்தி 90 பைட். 125 பைட்டுக்கு மிகாத செய்திக்கு சர்வர் சேர்க்கும் ஃபிரேம் (செய்தியைச் சுற்றும் உறை) தலைப்பு வெறும் 2 பைட். ஆட்டத்துக்கு 100 ரெய்டு, 400 பேர் என்றால் 3.7 எம்.பி. மற்றத் தலைப்புகளையும் சேர்த்து இரட்டிப்பு என்று வைத்துக்கொண்டாலும் ஒன்றுமில்லை.

சி.டி.என். தேவைப்பட்டது ஸ்கோருக்காக அல்ல, படங்களுக்காக. அணிப் படங்கள், பரிசு வழங்குவோர் படங்கள் எல்லாம் ஃப்ளெக்ஸ் அடிக்கக் கொடுத்த அதே கோப்புகளாக வந்து சேரும். ஒவ்வொன்றும் சில எம்.பி. எவ்வளவு சுருக்கினாலும் மறுநாள் புதுப் படம் வரும், "நம்ம தலைவர் படம் தெளிவா இல்லையே தம்பி" என்ற குறையோடு. லிங்க் வாட்ஸ்அப் குழுவில் விழுந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் திறப்பார்கள். அந்தச் சுமையை இலவசத் திட்டம் உள்ள ஒரு சி.டி.என். தலையில் ஏற்றிவிடலாம் என்பதுதான் எண்ணம்.

டி.என்.எஸ்.-ஐ (தளத்தின் பெயர் எந்த ஐ.பி. முகவரிக்குப் போக வேண்டும் என்ற பதிவு) சி.டி.என். பக்கம் திருப்பியதும் படங்கள் பறந்தன. ஸ்கோர் வரவே இல்லை.

முதல் காரணம் அற்பமானது: போர்ட், அதாவது சர்வரில் இணைப்பு வந்து சேரும் எண்ணிட்ட வாசல். என் பக்கம் 3000-ஆம் போர்ட்டில் நேரடியாக சாக்கெட்டைத் திறந்துகொண்டிருந்தது. சி.டி.என்.-கள் எல்லா போர்ட்டையும் கடத்திவிடுவதில்லை. 80, 443, அதோடு குறிப்பிட்ட சில மட்டும்தான். மற்ற போர்ட்டில் தட்டினால் பிழைச் செய்திகூட வராது, இணைப்பு அப்படியே தொங்கிக்கொண்டு நிற்கும். போர்ட்டை விட்டுவிட்டு 443-லேயே ஒரு தனிப் பாதை வைத்து, அந்தப் பாதைக்கு வருவதை மட்டும் உள்ளே இருக்கும் நோட்ஜேஎஸ்ஸுக்கு என்ஜின்எக்ஸ் அனுப்பும்படி மாற்றினேன். தொங்கியது போய், இப்போது 426 என்று பதில் வந்தது. பதில் என்று ஒன்று வந்தாலே பாதி நிம்மதி.

426 என்றால் "அப்கிரேட் தேவை" என்று அர்த்தம். சாதாரண கோரிக்கை வந்தால் டபிள்யூ.எஸ். லைப்ரரி தருகிற பதில் இது. பிரவுசர் "இதை வெப்சாக்கெட்டாக மாற்று" என்று சொல்லித்தான் அனுப்புகிறது. வழியில் யாரோ அந்த வரியை உருவிவிடுகிறார்கள். யார் என்று கண்டுபிடிக்க, கோரிக்கைகளை அனுப்பிப் பார்க்கும் கர்ல் என்ற கட்டளைவரிக் கருவி போதும். அப்கிரேட், கனெக்ஷன், வெப்சாக்கெட் பதிப்பு எண் 13, சாவி ஆகிய ஹெடர்களை (கோரிக்கையோடு போகும் தலைப்பு வரிகள்) கையாலேயே எழுதி அனுப்பலாம். சாவிக்கு ஆர்.எஃப்.சி.யில் உள்ள மாதிரியையே எடுத்துக்கொண்டேன். சரியான பதில் எப்படி இருக்கும் என்பதும் அதே ஆவணத்தில் இருப்பதால் ஒப்பிடச் சௌகரியம். 101 ("மாற்றிக்கொள்கிறேன்") என்று வந்து, கர்ல் முடியாமல் அப்படியே நின்றால் இணைப்பு திறந்துவிட்டது என்று பொருள். கண்ட்ரோல்-சி அடித்து வெளியே வரலாம்.

இந்த ஒரே கட்டளையை உள்ளிருந்து வெளியே மூன்று இடங்களில் ஓட்ட வேண்டும். முதலில் சர்வருக்குள் உட்கார்ந்துகொண்டு நோட்ஜேஎஸ்ஸிடம் நேரடியாக: 101. அடுத்து, கர்லின் 'ரிசால்வ்' தேர்வில் சர்வரின் ஐ.பி.யைக் கொடுத்து, சி.டி.என்.-ஐத் தாண்டி என்ஜின்எக்ஸிடம்: 426. பிடிபட்டது.

அப்கிரேட், கனெக்ஷன் இரண்டும் அடுத்த கைக்கு மட்டுமேயான ஹெடர்கள். ஒரு ப்ராக்ஸி (என்ஜின்எக்ஸ் போல நடுவில் நின்று கடத்துவது) அவற்றை வாங்கினால் தானாக அடுத்தவருக்குக் கடத்தாது. அதோடு, என் என்ஜின்எக்ஸ் பதிப்பு பின்னால் இருக்கும் சர்வரோடு எச்.டி.டி.பி. 1.0-இல் பேசிக்கொண்டிருந்தது, அப்கிரேட் என்ற சங்கதியே 1.1-இல்தான் வந்தது. எனவே மூன்று வரி சேர்த்தேன்: ப்ராக்ஸியின் எச்.டி.டி.பி. பதிப்பு 1.1, வந்த அப்கிரேட் மதிப்பை அப்படியே அனுப்பு, கனெக்ஷன் ஹெடரில் 'அப்கிரேட்' என்று எழுது. இணையத்தில் கிடைக்கும் மாதிரிகளில் மூன்றாவது வரியை நிலையாக எழுதிவிடுவார்கள். அதே பாதையில் சாதாரணக் கோரிக்கையும் வருமென்றால் ஒரு 'மேப்' போட்டு, அப்கிரேட் வந்தால் 'அப்கிரேட்', வராவிட்டால் 'குளோஸ்' என்று பிரிப்பது மேல். ரீலோட் செய்து மறுபடி ஓட்டினேன். என்ஜின்எக்ஸிடமும் 101.

மூன்றாவது, சி.டி.என். வழியாக: மறுபடி 426. அங்கே வெப்சாக்கெட்டுக்கு ஒரு சுவிட்ச் இருந்தது, அணைந்து கிடந்தது. போட்டேன். அப்போதும் 426. இந்த இடத்தில் ஒரு முழு மாலை போயிற்று, அதற்குக் காரணம் சோதனைக் கருவிதான். சி.டி.என். எச்.டி.டி.பி. 2 பேசும் என்று தெரிந்ததும் கர்ல் அதற்குத் தாவிவிடுகிறது. எச்.டி.டி.பி. 2-இல் கனெக்ஷன், அப்கிரேட் ஹெடர்களுக்கு இடமே இல்லை என்பதால், நான் எழுதிக் கொடுத்ததைச் சத்தமில்லாமல் எடுத்துவிட்டு அனுப்பியிருக்கிறது. கர்லுக்கு 1.1-ஐக் கட்டாயமாக்கும் தேர்வைக் கொடுத்ததும் 101. பிரவுசருக்கு இந்தச் சிக்கல் இல்லை. வெப்சாக்கெட்டுக்கு என்று தனியாக ஒரு 1.1 இணைப்பைத் திறந்துகொள்ளும். எச்.டி.டி.பி. 2 மேலேயே வெப்சாக்கெட் ஓட்ட 2018-இல் ஆர்.எஃப்.சி. 8441 வந்தது, ஆனால் அதற்கு எதிர்முனை முன்கூட்டியே சம்மதம் சொல்லியிருக்க வேண்டும்.

எல்லா சி.டி.என்.-களிலும் சுவிட்ச் தேட வேண்டாம். அமேசானின் கிளவுட்ஃபிரன்ட் 2018 நவம்பரிலிருந்து வெப்சாக்கெட்டை ஏற்கிறது, தனி சுவிட்ச் கிடையாது. ஆனால் மூல சர்வருக்கு (சி.டி.என்.-க்குப் பின்னால் இருக்கும் நம் சர்வர்) எந்தெந்த ஹெடர் போக வேண்டும் என்ற பட்டியலில் வெப்சாக்கெட் சாவியும் பதிப்பு எண்ணும் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

சரி, ஸ்கோர் ஓடியது. இனிமேல்தான் உண்மையான வேலை.

ஒத்திகை ஆட்டத்தில் முதல் பாதி 20 நிமிடமும் ஒரு போனிலும் இணைப்பு போகவில்லை. இடைவேளை விட்டார்கள். ஒரு நிமிடம் ஆனதும் எல்லா போனிலும் "இணைப்பு இல்லை". இரண்டாம் பாதி தொடங்கியதும் ஸ்கோர் எழுதுகிற அண்ணன் டேப்லெட்டைத் தூக்கிக் காட்டினார்: "தம்பி, ஆட்டம் ஓடும்போது நல்லாத்தான் ஓடுது, ஆட்டம் நின்னா இதுவும் நின்னுடுதே." அவர் சொன்னதே முழு நோய்க்குறி. கபடியில் ஒரு ரெய்டுக்கு 30 விநாடிதான். ஆட்டம் நடக்கும்வரை அரை நிமிடத்துக்கு ஒரு செய்தியாவது போய்விடும். என்ஜின்எக்ஸின் 'ப்ராக்ஸி ரீட் டைம்அவுட்' மதிப்பை யாரும் தொடாவிட்டால் 60 விநாடி. பின்னாலிருக்கும் சர்வர் அவ்வளவு நேரம் வாய் திறக்காவிட்டால் இணைப்பை மூடிவிடும். 5 நிமிட இடைவேளையில் யாரும் வாய் திறப்பதில்லை. பிரவுசர் கன்சோலில் மூடிய குறியீடு 1006 என்று இருந்தது. விடைபெறும் ஃபிரேம் எதுவும் வராமல் இணைப்பு போனது என்று அதற்கு அர்த்தம். நோட்ஜேஎஸ் மூடியிருந்தால் வேறு எண் வந்திருக்கும், ஆகவே நடுவில் உள்ள யாரோதான்.

அந்தப் பாதைக்கு மட்டும் டைம்அவுட்டை 3600 விநாடியாக உயர்த்தினேன். மறுபடி அறுந்தது. ஆனால் இந்த முறை 60-இல் இல்லை, 100 விநாடியில். அந்த 100 சி.டி.என்.-உடைய கணக்கு, ஆவணத்தில் எழுதியே இருக்கிறது, இலவசத் திட்டத்தில் மாற்றவும் முடியாது. கிளவுட்ஃபிரன்ட்டில் இதே கணக்கு 10 நிமிடம். நாம் ஒரு இணைப்பு என்று நினைப்பது உண்மையில் மூன்று: போனிலிருந்து சி.டி.என்., சி.டி.என்.-இலிருந்து என்ஜின்எக்ஸ், என்ஜின்எக்ஸிலிருந்து நோட்ஜேஎஸ். ஒவ்வொருவருக்கும் ஒரு பொறுமை அளவு. அதிலும் போன் இருக்கும் மொபைல் நெட்வொர்க்குக்கு ஒரு பொறுமை, அது எவ்வளவு என்று எங்கும் எழுதியிருக்காது. டைம்அவுட்டைக் கூட்டிக் கூட்டி யாரையும் ஜெயிக்க முடியாது. எதையாவது அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும்.

முதலில் போன் பக்கமிருந்து 30 விநாடிக்கு ஒரு சின்னச் செய்தி அனுப்ப வைத்தேன். மேசையில் வைத்துச் சோதித்தபோது கச்சிதம். மைதானத்தில் தோல்வி. ஆட்கள் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வாட்ஸ்அப்புக்குப் போய்விடுவார்கள். 5 நிமிடத்துக்கு மேல் பின்னணியில் கிடக்கும் பக்கத்தின் டைமரை குரோம் நிமிடத்துக்கு ஒருமுறைதான் எழுப்பும். 88-ஆம் பதிப்பிலிருந்து அப்படி. போன் பூட்டியிருந்தால் அதுவும் உறுதியில்லை. ஆகவே இணைப்பை உயிரோடு வைக்கும் இந்தத் துடிப்பு சர்வரிலிருந்துதான் கிளம்ப வேண்டும்.

இப்போது இருப்பது இதுதான். 25 விநாடிக்கு ஒருமுறை நோட்ஜேஎஸ் ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு பிங் ஃபிரேம் ("இருக்கிறாயா?") அனுப்புகிறது. பிரவுசர் ஜாவாஸ்கிரிப்டைக் கேட்காமலேயே பாங் ("இருக்கிறேன்") அனுப்பிவிடும். அடுத்த பிங் வருவதற்குள் பாங் வராத இணைப்பை சர்வர் வெட்டிவிடும். பேருந்தில் ஏறி சிக்னல் போனவர்களின் செத்த இணைப்புகள் இப்படித்தான் கழிகின்றன. ஒரு குறை: பிங் வந்தது பக்கத்தின் ஜாவாஸ்கிரிப்டுக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள வழியும் இல்லை. அதனால் பிங்கோடு சேர்த்து ஆட்டக் கடிகாரத்தை ஒரு குட்டிச் செய்தியாக அனுப்புகிறேன். அது 60 விநாடி வராவிட்டால் பக்கம் தானே மூடிக்கொண்டு புதிதாக இணைகிறது. பின்னணியிலிருந்து பக்கம் முன்னுக்கு வந்த கணத்திலும் ஒருமுறை சரிபார்க்கிறது. இந்தக் கடைசி வரி, பார்ப்பவர்களிடமிருந்து வந்த புகார்களில் பாதியைக் குறைத்தது.

மீண்டும் இணைவது என்றதும் அடுத்தது வந்தது: பழைய ஸ்கோர். இணைந்ததும் தற்போதைய நிலையை ஒரு சாதாரண முகவரியிலிருந்து எடுத்துவர வைத்திருந்தேன். படங்களுக்காக சி.டி.என்.-இல் "எல்லாவற்றையும் சேமி" என்று ஒரு விதி போட்டிருந்ததால், அந்த முகவரியின் பதிலையும் அது பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டது. 28–19 என்று ஓடும் ஆட்டத்தில், வெளியே போய் வந்தவருக்கு 6–4. வெப்சாக்கெட்டில் போவதை சி.டி.என். சேமிப்பதில்லை; எனவே முழு நிலையையும் சாக்கெட் திறந்ததும் முதல் செய்தியாகவே அனுப்பிவிடுகிறேன். ஒவ்வொரு ரெய்டு செய்திக்கும் வரிசை எண் உண்டு. 41-க்குப் பிறகு 43 வந்தால் பக்கம் முழு நிலையைத் திரும்பக் கேட்கும். சேமிக்கும் விதியைப் படங்கள் இருக்கும் பாதைக்கு மட்டும் சுருக்கினேன்.

இதற்கு அடுத்ததைத்தான் முன்னமே யோசித்திருக்கலாம். சி.டி.என். போட்டால் சர்வருக்குச் சுமை குறையும் என்பது படங்களுக்குச் சரி. சாக்கெட்டுக்கு அப்படி இல்லை. பார்க்கிற ஒவ்வொருவருக்கும் மூல சர்வர் வரை ஒரு தனி இணைப்பு வந்தே தீரும். வேறொரு கணினியிலிருந்து சாக்கெட்டுகளாகத் திறந்துகொண்டே போகும் ஒரு ஸ்கிரிப்டை ஓட்டினேன். (சி.டி.என். வழியாக இதைச் செய்தால் தாக்குதல் என்று தடுத்துவிடும். நேரடியாக சர்வரின் மேல் ஓட்டுங்கள்.) 380 சொச்சத்தில் நின்றுவிட்டது. என்ஜின்எக்ஸ் லாகில் "768 வொர்க்கர் கனெக்ஷன்கள் போதவில்லை" என்ற வரி. உபுண்டு தொகுப்பில் வரும் மதிப்பு 768. வொர்க்கர் என்பது இணைப்புகளைக் கையாளும் என்ஜின்எக்ஸ் செயல்முறை; ஒரு கோர் என்பதால் ஒரே வொர்க்கர். ப்ராக்ஸி செய்யும் ஒவ்வொரு சாக்கெட்டுக்கும் முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று என இரண்டு கனெக்ஷன் செலவு. 768-இல் பாதி 384. கணக்கு அப்படியே பொருந்தியதைப் பார்த்ததில் ஒரு சந்தோஷம்.

வொர்க்கர் கனெக்ஷனை 4096 ஆக்கினேன். அதை மட்டும் உயர்த்தினால் அடுத்து ஃபைல் வரம்பு (ஒரே நேரத்தில் திறந்து வைக்கக்கூடிய ஃபைல், சாக்கெட் எண்ணிக்கை) 1024-இல் இடிக்கும். வொர்க்கரின் ஃபைல் வரம்பை 16384 என்று கூடவே எழுத வேண்டும். 1500 சாக்கெட் வரை ஏற்றிப் பார்த்ததில் நோட்ஜேஎஸ் எடுத்த நினைவகம் 100 எம்.பி.யைத் தாண்டவில்லை. செய்தியைச் சுருக்கி அனுப்பும் வசதியை இயக்கவில்லை. 90 பைட்டைச் சுருக்கி என்ன மிச்சம்? ஒவ்வொரு இணைப்புக்கும் நினைவகம்தான் கூடும்.

சோதனையின்போது நோட்ஜேஎஸ்ஸை ரீஸ்டார்ட் செய்ததில் 1500 பேரும் ஒரே விநாடியில் திரும்பி வந்து மோதினார்கள். பார்ப்பவர்களின் இணைப்பு வந்து சேரும் எட்ஜ் சர்வரை சி.டி.என்.காரர்கள் புதுப்பித்தாலும் இதேதான் நடக்கும். அந்த நேரத்தைத் தேர்வு செய்வது நம் கையில் இல்லை. மறு இணைப்புக்கு 1, 2, 4 என்று 30 விநாடி வரை இரட்டிக்கும் காத்திருப்பும், அதன் மேல் ஒரு தற்செயல் நேரமும் வைத்தேன். தற்செயல் நேரம் இல்லாமல் இரட்டிப்பது மட்டும் வீண். எல்லோரும் ஒன்றாகக் காத்திருந்து ஒன்றாகவே வருவார்கள்.

பாதுகாப்பு விஷயத்தில் மூன்று வேலைகள், சுருக்கமாக. கைதட்டல் பொத்தானை யாராவது ஸ்கிரிப்ட் போட்டு அடிக்காமலிருக்க ஒரு ஐ.பி.க்கு இத்தனை இணைப்பு என்று வரம்பு வைத்திருந்தேன். சி.டி.என். வந்ததும் உலகமே நாலைந்து ஐ.பி.யிலிருந்து வருவதுபோல் தெரிந்து எல்லோருக்கும் கதவு மூடியது. சி.டி.என். வெளியிடும் ஐ.பி. வரம்புகளை என்ஜின்எக்ஸின் ரியல் ஐ.பி. மாட்யூலில் கொடுத்து, பார்ப்பவரின் உண்மை ஐ.பி. எந்த ஹெடரில் வருகிறது என்று சொன்னால் சரியாகிவிடும். அப்படியும் வரம்பைத் தாராளமாக வையுங்கள், மொபைல் நெட்வொர்க்கில் ஒரே ஐ.பி.க்குப் பின்னால் பல பேர் இருப்பார்கள். இரண்டாவது, வெப்சாக்கெட்டுக்கு சி.ஓ.ஆர்.எஸ். (ஒரு தளத்தின் பக்கம் வேறு தளத்தின் பதிலைப் படிப்பதை பிரவுசர் கட்டுப்படுத்தும் விதி) காவல் கிடையாது. வேறு எந்தத் தளத்தின் பக்கமும் நம் சாக்கெட்டைத் திறக்கலாம். ஆகவே இணைப்பு தொடங்கும் ஹேண்ட்ஷேக்கில் வரும், எந்தத் தளத்திலிருந்து என்று சொல்லும் ஆரிஜின் ஹெடரை நோட்ஜேஎஸ்ஸே பார்த்து ஒதுக்க வேண்டும். மூன்றாவது, டேப்லெட்டின் ரகசியச் சொல் முகவரியோடு ஒட்டிப் போய்க்கொண்டிருந்தது, அது அப்படியே அக்சஸ் லாகில் பதிவாகிறது. இப்போது இணைந்த பிறகு முதல் செய்தியாகப் போகிறது. 5 விநாடிக்குள் அது வராவிட்டால் ஸ்கோர் எழுதும் உரிமை கிடைக்காது.

செலவு: வி.பி.எஸ். மாதம் 500, டொமைன் வருடத்துக்கு ஆயிரத்துக்குக் கீழே, சி.டி.என். இலவசம். டேப்லெட் விழாக் குழுவில் ஒருவருடையது. அவர் மகனுக்கு ஆன்லைன் வகுப்பு இருந்தால் என் பழைய போன்தான் ஸ்கோர் பலகை.

அடுத்த போட்டிக்கு மாற்றப்போவது இரண்டு. சாக்கெட்டை ஒரு தனி சப்டொமைனுக்குக் கொண்டுபோய்விடுவேன், சி.டி.என்.-இல் தகராறு வந்தால் அதை மட்டும் நேரடியாக சர்வருக்குத் திருப்பலாம், படங்கள் பாட்டுக்கு சி.டி.என்.-இலேயே இருக்கும். இன்னொன்று, பார்ப்பவர்களுக்கு வெப்சாக்கெட் தேவைதானா என்ற கேள்வி. அவர்களுக்கு ஸ்கோர் ஒரு பக்கமாக வந்தால் போதும். சர்வர்-சென்ட் ஈவென்ட்ஸ் என்றால் சாதாரண எச்.டி.டி.பி. பதில்தான், அப்கிரேட் கூத்து எதுவும் இல்லை, அறுந்தால் பிரவுசரே திரும்ப இணையும், கடைசியாக வாங்கிய செய்தியின் எண்ணையும் தானே அனுப்பும். என்ஜின்எக்ஸ் அதைத் தேக்கி வைக்காமலிருக்க பஃபரிங்கை அணைக்க வேண்டும், துடிப்பும் வேண்டும். கைதட்டலை ஒரு சாதாரண போஸ்ட் கோரிக்கையாக அனுப்பிவிடலாம். டேப்லெட்டுக்கும் மைதானத் திரைக்கும் மட்டும் வெப்சாக்கெட் இருக்கும்.

இதற்கிடையில் ஸ்கோர் எழுதும் அண்ணன் வேறொன்று கேட்டிருக்கிறார்: நடுவர் முடிவை மாற்றினால் கடைசிப் புள்ளியைத் திரும்ப எடுக்க ஒரு பொத்தான். வரிசை எண் இருப்பதால் சர்வர் பக்கம் சுலபம். டேப்லெட்டில் அதை விரல் தவறிப் படாத இடமாகப் பார்த்து வைக்க வேண்டும்.